நண்பர்களோடு வீடு எடுத்தால் கணக்கை எப்படிப் பிரிப்பது

நண்பர்கள் சேர்ந்து தங்கும் வீடுகளில் வாடகைக்காகச் சண்டை வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வாடகை எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்பதெல்லாம் பால் காய்ச்சுவதற்கு முன்பே பேசி முடிந்துவிடும். சண்டை வருவது மே மாதக் கரண்ட் பில்லில், இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தவனின் சாப்பாட்டுக் கணக்கில், பாதியில் காலி செய்கிறவனின் அட்வான்ஸில். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான், தொகை கண்ணுக்குத் தெரிந்த பிறகு உட்கார்ந்து விதி பேசுகிறார்கள். பில் கைக்கு வந்துவிட்டால் எந்த விதி தனக்கு லாபம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும், அதற்கப்புறம் யார் என்ன நியாயம் சொன்னாலும் அது அவரவர் பாக்கெட்டுக்குப் பேசுவது போலத்தான் மற்றவர் காதில் விழும். அதனால் கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி, வீடு எடுத்த முதல் வாரத்தில், ஒரு பில்லும் வராதபோதே பேசி முடிக்க வேண்டியவை. சென்னையில் வேளச்சேரி, ஓஎம்ஆர் பக்கம் நாலு பேர் சேர்ந்து இரண்டு பெட்ரூம் வீடு எடுப்பதை வைத்துச் சொல்கிறேன். வேறு ஊர் என்றால் தொகைகள் மாறும், கரண்ட் ரேட் மாறும், மற்றது அப்படியே பொருந்தும்.

"நம்மளுக்குள்ள என்னடா கணக்கு" என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். அவர் ஒன்று எல்லாச் செலவையும் தாராளமாகச் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து மனசுக்குள் புழுங்குகிறவராக இருப்பார், இல்லை இதுவரை எதற்கும் காசு எடுக்காதவராக இருப்பார். இரண்டு பேருக்குமே கணக்கு நல்லது. மளிகைக் கடையில் "கடன் அன்பை முறிக்கும்" என்று போர்டு மாட்டியிருப்பவர் அன்பு இல்லாமலா மாட்டியிருக்கிறார்?

வாடகை: அறைக்கு விலை வையுங்கள்

வாடகை 24,000, நாலு பேர், ஆளுக்கு 6,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு அறையில் அட்டாச்டு பாத்ரூமும் பால்கனியும் இருக்கும், இன்னொரு அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மோட்டார் ரூம் தெரியும். இரண்டுக்கும் ஒரே வாடகை என்றால் சின்ன அறைக்காரர் முதல் மாதம் ஒன்றும் சொல்ல மாட்டார், நாலாவது மாதம் பாத்ரூமுக்கு வெளியே பக்கெட்டோடு நிற்கும்போது சொல்வார்.

ஊரில் பாகம் பிரிக்கும்போது ஒருத்தர் பங்கு வைப்பார், மற்றவர் முதலில் எடுப்பார் இல்லையா, அதே வழிதான் இங்கேயும். நாலு பேரில் ஒருவர் இரண்டு அறைக்கும் விலை வைக்கட்டும், கூட்டினால் 24,000 வர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. உதாரணமாகப் பெரிய அறையில் ஆளுக்கு 6,750, சின்ன அறையில் ஆளுக்கு 5,250. மற்ற மூன்று பேர் முதலில் எடுக்க வேண்டும், விலை வைத்தவருக்கு மிச்சம் இருப்பது. தனக்கு எது வருமென்று தெரியாததால் அவர் ஒழுங்காகத்தான் விலை வைப்பார். மூன்று பேருமே பெரிய அறைதான் வேண்டும் என்றால் வைத்த விலை குறைவு என்று அர்த்தம். அங்கே 250 ஏற்றுங்கள், இங்கே 250 இறக்குங்கள், யாராவது ஒருவர் "சரி, இந்த ரேட்டுக்கு நான் சின்ன ரூமே எடுத்துக்கிறேன்" என்று சொல்லும்வரை. அதிகபட்சம் மூன்று நாலு சுற்றில் முடிந்துவிடும். ஹாலில் படுக்கிறவர் இருந்தால் அவருக்கும் இதே மாதிரி ஒரு விலை. ஹாலில் படுப்பவருக்கு வாடகை நன்றாகவே குறைய வேண்டும், ஏனென்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யார் கதவைத் திறந்தாலும் எழுந்துகொள்வது அவர்தான்.

சம்பளத்துக்கு ஏற்ப வாடகையைப் பிரிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கணவன் மனைவிக்கு அது சரி, நண்பர்களுக்கு எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சம்பளம் எவ்வளவு என்று எல்லாரும் உண்மையைச் சொல்ல வேண்டும், இன்க்ரிமென்ட் வந்தால் மாற்ற வேண்டும், வேலை போனால் மறுபடி மாற்ற வேண்டும். அறைக்கு விலை வைத்துவிட்டால், குறைவாகச் சம்பாதிப்பவர் தானாகவே சின்ன அறையை எடுத்துக்கொள்வார், யாரும் யாருடைய பேஸ்லிப்பையும் பார்க்க வேண்டியதில்லை.

இதோடு ஒரு விஷயம். ஒப்பந்தத்தில் நாலு பேர் பெயரையும் போடச் சொல்லுங்கள். ஹவுஸ் ஓனர் ஒருவர் பெயர் போதும் என்பார், போதாது. பழைய வரி முறையில் இருப்பவர்கள் எச்ஆர்ஏ (சம்பளத்தில் வருகிற வீட்டு வாடகைப் படி) கழிவு கேட்கும்போது அவரவர் கொடுத்த பங்குக்குத்தான் கேட்க முடியும், அதற்கு அவரவர் பெயரில் ரசீது வேண்டும், வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுப்பதாகக் காட்டினால் ஓனரின் பான் நம்பரும் கேட்பார்கள். ஜனவரியில் ஆபீஸில் ப்ரூஃப் கேட்கும்போது ஓடுவதைவிட இப்போதே வாங்கிவிடுவது மேல்.

கரண்ட் பில்: இங்கேதான் நிஜமான கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு அதிகம் எரிக்கிறோமோ அவ்வளவு யூனிட் விலையும் ஏறுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில், மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2.25, 201 முதல் 400 வரை 4.50, அடுத்த 100-க்கு 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 என்ற சலுகை ரேட்டே போய்விடும், 101-லிருந்தே 4.50 கணக்கு, 500-க்கு மேல் 8, 600-க்கு மேல் 9 என்று போகும். அதனால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் வந்த வீட்டில், பத்தே யூனிட் கூடி 510 ஆனால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதற்கப்புறம் ரேட் ஏறியிருக்கிறது, உங்கள் பில்லில் இருக்கிற ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் காட்ட வருவது ரேட்டை அல்ல, கணக்குப் போகும் விதத்தை.

இப்போது ஒரு அறையில் ஏசி, இன்னொரு அறையில் ஃபேன். டிசம்பர், ஜனவரியில் ஏசி போடாத சமயம் 320 யூனிட் என்று வையுங்கள், பில் 765. ஏப்ரல், மேயில் 680 யூனிட், பில் 3,470. நாலால் வகுத்தால் ஆளுக்கு 867 ரூபாய் 50 காசு. ஃபேனுக்கடியில் வியர்த்துக்கொண்டு படுத்தவரும் அதே 867 கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி, கேள்வி நியாயமானது.

அடுத்து யாராவது சொல்வது, ஏசி எத்தனை யூனிட் இழுத்தது என்று பார்த்து அதற்குச் சராசரி ரேட் போடலாம் என்பது. வெயில் காலத்தில் ஃபேனும் ஃபிரிட்ஜும் கூடுதலாக ஓடும், அதற்கு 60 யூனிட் சேர்த்து 380 யூனிட் பொதுச் செலவு, மிச்சம் 300 யூனிட் ஏசி. சராசரியாக யூனிட் 5 ரூபாய் 10 காசு, ஏசிக்காரர்கள் பங்கு சுமார் 1,530. ஆனால் இது சரியில்லை. அந்த வீட்டில் ஏசியே இல்லாதிருந்தால் 380 யூனிட்டுக்கு வந்திருக்கக்கூடிய பில் 1,035 ரூபாய்தான். ஏசி ஓடியதால்தான் 500-ஐத் தாண்டியது, சலுகை ரேட் போனது, 8 ரூபாய் 9 ரூபாய் யூனிட்டெல்லாம் வந்தது. ஆகவே பொதுக் கணக்கு 1,035, அதை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு சுமார் 259. மீதி 2,435 ஏசி அறையின் கணக்கு, இரண்டு பேருக்கும் ஆளுக்கு சுமார் 1,218. ஏசிக்காரர்கள் ஆளுக்கு மொத்தம் சுமார் 1,477 கொடுப்பார்கள், ஃபேன்காரர்கள் சுமார் 259.

"இவ்வளவு வித்தியாசமா" என்று ஏசி அறையிலிருந்து சத்தம் வரும். வரட்டும். அவர்கள் சொல்வதிலும் ஒரு பாயிண்ட் உண்டு, இலவச 100 யூனிட்டும் குறைந்த ரேட் யூனிட்டும் வீட்டுக்குப் பொதுவானவை, அதை முழுக்க ஃபேன் அறைக்கே தூக்கிக் கொடுத்துவிட்டு விலை உயர்ந்த யூனிட்டை எல்லாம் எங்கள் தலையில் கட்டுகிறீர்களே என்பார்கள். இதற்கு என் பதில், ஏசி இல்லாதவர் ஏசி இருக்கிற காரணத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கக் கூடாது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஹாலில் ஏசி இருந்து எல்லாரும் வந்து உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறார்கள் என்றால் அப்போது கதை வேறு, சராசரி ரேட்டே போதும். எதுவானாலும் பிப்ரவரியிலேயே பேசி எழுதி வைத்துவிடுங்கள். ஜூனில் பேசினால் பேச்சு முடியாது.

ஏசி எத்தனை யூனிட் இழுத்தது என்று எப்படித் தெரியும்? நல்ல வழி சப் மீட்டர், அதாவது அந்த லைனில் ஓடுகிற யூனிட்டை மட்டும் தனியாகக் காட்டுகிற சின்ன மீட்டர். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏசி லைனில் ஒன்று மாட்டச் சொன்னால் முடிந்தது, ஒரு பில்லில் வருகிற சண்டையைவிட அது மலிவு. ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது முடியாவிட்டால், ஏசி போட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் தினமும் காலையில் மெயின் மீட்டரைப் போட்டோ எடுங்கள், ஏசி போட்ட பிறகு இன்னொரு வாரம் எடுங்கள், வித்தியாசம் துல்லியமாக இருக்காது, ஆனால் வாக்குவாதத்தை முடிக்கப் போதுமான அளவுக்கு இருக்கும்.

சில ஓனர்கள் ஈபி கார்டையே காட்டாமல் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே ரேட்டாக வாங்குவார்கள். அங்கே மேலே சொன்ன ஸ்லாப் கணக்கு எதுவும் தேவையில்லை, சப் மீட்டர் யூனிட்டை அந்த ரேட்டால் பெருக்கினால் போதும்.

சாப்பாடு: டிவைடிங் சிஸ்டம்

தமிழ்நாட்டில் காலேஜ் ஹாஸ்டலில் படித்தவர்களுக்கு டிவைடிங் சிஸ்டம் என்றாலே தெரியும், அந்த மாத மெஸ் செலவு மொத்தத்தையும் எல்லாரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்து ஒரு நாளைக்கு இவ்வளவு என்று போர்டில் ஒட்டுவார்கள். வீட்டுக்கும் அதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் எதை நாள் கணக்கில் போடுவது, எதைச் சமமாகப் போடுவது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சமைக்கிற அக்காவின் சம்பளம், நெட், அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ், குப்பைக்காரருக்குக் கொடுப்பது இதெல்லாம் நீங்கள் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறையாதவை. அதைச் சமமாகத்தான் கொடுக்க வேண்டும். "நான் பத்து நாள் இல்லையே" என்பவரிடம், அக்கா அந்தப் பத்து நாளும் வந்தார் என்று சொல்லுங்கள். மளிகை, காய்கறி, பால், முட்டை, கேன் தண்ணீர் இவை ஆள் இருந்தால்தான் தீரும், இவை நாள் கணக்கு. கேஸ் சிலிண்டர் இரண்டுக்கும் நடுவில், நாலு பேருக்குச் சமைப்பதற்கும் மூன்று பேருக்குச் சமைப்பதற்கும் அடுப்பு எரிகிற நேரம் பெரிதாக மாறாது என்பதால் சமமாகப் போட்டுவிடுவது என் வழக்கம்.

மாதம் மளிகையும் காய்கறியும் சேர்த்து 11,200 ஆனது என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் சாப்பிட்ட நாட்கள் 28, 26, 16, 30. கூட்டினால் 100. ஒரு நாளைக்கு 112 ரூபாய். பங்கு 3,136, 2,912, 1,792, 3,360. ஒவ்வொரு வேளையாகக் கணக்கு வைக்க ஆசைப்படாதீர்கள், இட்லிக்கு அரை நாள், சாப்பாட்டுக்கு ஒரு நாள் என்று ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் எல்லாரும் கைவிட்டுவிடுவார்கள். நாள் கணக்கு போதும்.

சாப்பிட்ட நாட்களை யார் குறிப்பது என்பதில்தான் பல வீடுகளில் இது படுத்துவிடுகிறது. அவரவரே குறிக்கச் சொன்னால் மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து போடுவார்கள், ஞாபகம் எப்போதும் குறைவாகத்தான் சொல்லும். நான் பார்த்ததில் நன்றாக ஓடிய ஏற்பாடு இதுதான்: சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர், துணிக்கடையில் பொங்கலுக்குக் கொடுப்பார்களே அந்தப் பெரிய கட்டம் போட்டது, பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு பேனா. வராதவர் பெயரின் முதல் எழுத்தைச் சமைக்கிற அக்கா அந்தத் தேதிக் கட்டத்தில் எழுதிவிடுவார், ஏனென்றால் எத்தனை பேருக்கு அரிசி போட வேண்டும் என்பது அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். முதல்நாள் ராத்திரிக்குள் அக்காவிடம் சொன்னால் மட்டும் லீவு, காலையில் திடீரென்று "நான் வெளிய சாப்பிட்டுக்கிறேன்" என்றால் அன்றைக்கு சாப்பிட்ட கணக்குதான், குழம்பு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். அக்கா எழுதியதை எதிர்த்து யாரும் பேசுவதில்லை, நாளைக்கும் அவர் கையால்தானே சாப்பிட வேண்டும்.

விருந்தாளி வந்தால், அவர் தங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் அழைத்தவர் கணக்கில் ஒரு நாள் கூடுதல். முதல் இரண்டு நாள் விட்டுவிடலாம், யாருடைய அம்மா அப்பா வந்தாலும் கணக்கே வேண்டாம் (அவர்கள் கொண்டுவருகிற முறுக்கையும் ஊறுகாயையும் யாரும் எடை போட்டா சாப்பிடுகிறோம்?). இன்டர்வியூவுக்கு வந்த நண்பன் மூன்று வாரம் தங்கிவிட்டால் அது விருந்து இல்லை, அவருக்கும் காலண்டரில் எழுத்து உண்டு, நாள் கணக்கு உண்டு.

சைவம், அசைவம் இரண்டும் இருக்கிற வீட்டில் கறி, மீன், முட்டை தனிக் கணக்கு. சாப்பிடுகிறவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளட்டும். புரோட்டீன் பவுடர், பூனைக்குப் போடுகிற சாப்பாடு, தனக்கென்று வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கிற சீஸ் எல்லாம் சொந்தச் செலவு. காபித்தூள், சர்க்கரை மாதிரி எல்லாரும் தொடுகிற ஆனால் ஒருவர் மட்டும் அதிகம் தொடுகிற பொருட்களை விட்டுவிடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள்தான், அதற்காக டிகாக்‌ஷனையுமா அளப்பது?

வாஷிங் மெஷினைக் கூட்டாக வாங்காதீர்கள்

நாலு பேர் காசு போட்டு வாங்கிய வாஷிங் மெஷின் நாலு பேரும் பிரியும்போது யாருக்குப் போகும்? கால்வாசி கால்வாசியாக அறுக்க முடியாது. அதனால் பெரிய பொருட்களை ஆளுக்கொன்றாக வாங்கிவிடுங்கள், ஒருவர் ஃபிரிட்ஜ், ஒருவர் வாஷிங் மெஷின், ஒருவர் கேஸ் ஸ்டவ்வும் மிக்ஸியும், இன்னொருவர் டிவி அல்லது சோஃபா. விலை வித்தியாசம் இருந்தால் இருக்கட்டும், போகும்போது அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டு போவார்கள், சண்டை இல்லை. ரிப்பேர் செலவு மட்டும் பொது, எல்லாரும்தானே துணி போட்டார்கள். இல்லையென்றால் மாத வாடகைக்கு எடுத்துவிடலாம், கணக்குப் பார்த்தால் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஒரு வருஷத்தில் பிரிந்துவிடுவோம் என்று தெரிந்தால் அதுவே சரி.

கணக்கை எங்கே எழுதுவது

எங்கே வேண்டுமானாலும். ஸ்ப்ளிட்வைஸ் பலரும் பயன்படுத்துகிற ஆப், இலவசமாகப் பயன்படுத்தினால் ஒரு நாளைக்குச் சில பதிவுகளுக்கு மேல் போட விடாமல் நிறுத்தும், தினசரிப் பாலையும் தக்காளியையும் அதில் போட்டால் தடுமாறும். கூகுள் ஷீட்டில் தேதி, என்ன, எவ்வளவு, யார் கொடுத்தது, யாருக்கெல்லாம் என்று ஐந்து கட்டம் போட்டால் அதுவே போதும். ஷீட் திறக்கச் சோம்பலாக இருந்தால் செலவுக்கென்றே ஒரு வாட்ஸ்அப் குரூப், அதில் அரட்டை கூடாது, பில் போட்டோவும் தொகையும் மட்டும். குட் மார்னிங் படம் போடுகிறவருக்கு அபராதம் பத்து ரூபாய்!

எதில் எழுதினாலும் அன்றைக்கே எழுதுவதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்று நாள் கழித்துப் போடுகிற பதிவை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பினாலும் "இது எப்ப வாங்குன?" என்று ஒரு கேள்வி வரும், அந்தக் கேள்விதான் கடுப்பாக இருக்கும். ஐம்பது ரூபாய்க்குக் கீழே எதையும் எழுத வேண்டாம் என்றும் ஒரு வரம்பு வைத்துவிடுங்கள். கறிவேப்பிலையும் தீப்பெட்டியும் ஷீட்டில் ஏறினால் கணக்கு எழுதுகிறவருக்கே வெறுத்துப் போகும்.

கணக்கு எழுதி மாதக் கடைசியில் கூட்டிச் சொல்கிறவர் ஒரு வேலை செய்கிறார் என்பதையும் மறக்காதீர்கள். அவருக்குப் பாத்திரம் கழுவுவதிலிருந்தோ குப்பை கொண்டுபோவதிலிருந்தோ விலக்கு கொடுங்கள். எல்லாச் செலவையும் தன் கிரெடிட் கார்டில் போட்டு பாயிண்ட் சேர்க்கிறார் என்று ஒருவரைப் பார்த்துப் பொருமுகிறவர்களும் உண்டு. சேர்க்கட்டுமே, மாதம் முழுக்க நம் செலவுக்குக் கையிலிருந்து காசு போடுவது அவர்தானே.

மாதம் ஒருமுறை தீர்ப்பது

சம்பளம் எல்லாருக்கும் வந்திருக்கும் ஒரு தேதி, உதாரணமாக ஐந்தாம் தேதி. அதற்கு முந்தைய நாள் கணக்கை மூடி குரூப்பில் போட வேண்டும். யார் யாருக்குக் கொடுப்பது என்பதில் பலர் தேவையில்லாமல் சிக்கிக்கொள்கிறார்கள், பால் காசு இவனுக்கு, நெட் காசு அவனுக்கு என்று பத்து ஜிபே போகும். வேண்டாம். ஒவ்வொருவரும் மொத்தம் எவ்வளவு போட்டார், எவ்வளவு போட்டிருக்க வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று மட்டும் பாருங்கள்.

மாத மொத்தம் 20,000, ஆளுக்கு 5,000 வர வேண்டிய கணக்கு என்று வையுங்கள். அ போட்டது 11,000, ஆ 6,500, இ 2,500, ஈ ஒன்றுமே போடவில்லை. அப்படியென்றால் அ-வுக்கு 6,000 வர வேண்டும், ஆ-வுக்கு 1,500 வர வேண்டும், இ தர வேண்டியது 2,500, ஈ தர வேண்டியது 5,000. அதிகமாகத் தர வேண்டியவர் அதிகமாக வர வேண்டியவருக்கு முதலில் கொடுக்கட்டும்: ஈ ஐந்தாயிரத்தையும் அ-வுக்குப் போடுகிறார், இ ஆயிரத்தை அ-வுக்கும் ஆயிரத்து ஐந்நூறை ஆ-வுக்கும் போடுகிறார். மூன்று ஜிபே, வேலை முடிந்தது. எத்தனை பேர் இருந்தாலும் ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் வருகிற எண்ணிக்கைக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது. பத்து ரூபாய்க்கு ரவுண்டு பண்ணிவிடுங்கள்.

முன்பெல்லாம் ஆப்பிலேயே "ரெக்வஸ்ட்" அனுப்பிக் கேட்பது வசதியாக இருந்தது. மோசடிக்குப் பயன்படுகிறது என்று தனிநபருக்குத் தனிநபர் கலெக்ட் கேட்கும் யுபிஐ வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். இப்போது கியூஆர் படத்தைக் குரூப்பில் போட்டுவிடுவதுதான் சுலபம்.

கேட்கிற விதமும் முக்கியம். தனியாக ஒருவரைக் கூப்பிட்டு "மச்சான், அந்தக் காசு..." என்று இழுத்தால் இரண்டு பேருக்குமே கூச்சம். குரூப்பில் எல்லாருடைய தொகையையும் சேர்த்து ஒரே செய்தியாகப் போடுங்கள்: "மார்ச் கணக்கு முடிஞ்சுது. ஷீட் மேல இருக்கு, ஏதாவது தப்புன்னா இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லுங்க. நாளைக்கு எல்லாரும் போட்டுடலாம்." வர வேண்டியவர் பெயரும் தர வேண்டியவர் பெயரும் ஒன்றாக இருப்பதால் யாரையும் குத்திக் காட்டியதாக ஆகாது.

அப்படியும் தராதவர் ஒருவர் இருப்பார். கெட்டவர் என்று இல்லை, கையில் காசு இருக்கும்போது ஞாபகம் இருக்காது, ஞாபகம் வரும்போது காசு இருக்காது. அவரைத் திட்டுவதைவிட அவரை முதலில் செலவு செய்ய வைப்பது பலிக்கும். அடுத்த மாத நெட் பில், கேஸ், கேன் தண்ணீர் எல்லாம் நீயே கட்டிவிடு என்று சம்பளம் வந்த அன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள். தர வேண்டியவராக இருந்தவர் இப்போது வர வேண்டியவராக மாறிவிடுவார், அப்புறம் பாருங்கள், ஐந்தாம் தேதி கணக்கை அவரே முதலில் கேட்பார்.

உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவர் என்றால் அது வேறு. வேலை போய்விட்டது, வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு. அப்போது அவருடைய பாக்கியை வீட்டுக் கணக்கில் இழுத்துக்கொண்டே போகாதீர்கள். யாரால் முடியுமோ அவர் தன் சொந்தக் காசில் கைமாத்தாகக் கொடுத்து வீட்டுக் கணக்கைத் தீர்த்துவிடட்டும், அந்தக் கைமாத்து அவர்கள் இரண்டு பேருக்குள் மட்டும் இருக்கட்டும். நாலு பேர் பார்க்கிற ஷீட்டில் மாதாமாதம் ஒருவர் பெயருக்கு நேரே மைனஸ் ஏறிக்கொண்டே போவதைப் போல அவமானம் வேறு இல்லை.

வெளியே சாப்பிடுவதும் டூரும்

வெளியே சாப்பிடப் போனால் சமமாகப் பிரிப்பதே நல்லது, ஒரு பிரியாணிக்கும் இன்னொரு பிரியாணிக்கும் பெரிய வித்தியாசம் வந்துவிடாது. சரக்கு மட்டும் தனி. குடிக்காதவர் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு ஆயிரத்து இருநூறு கொடுத்துவிட்டு வருவது அநியாயம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வாட் வரிதான் என்பதால் பெரும்பாலான இடங்களில் சாப்பாட்டு பில்லையும் சரக்கு பில்லையும் தனித்தனியாகவே போடுவார்கள், பிரிப்பது கஷ்டமே இல்லை. சைட் டிஷ் விவகாரத்தை மட்டும் பெரிசுபடுத்தாதீர்கள்.

கூட்டத்தில் ஒருவர் 18,000 சம்பளக்காரர், ஒருவர் ஐடியில் அவரைப்போல நாலைந்து மடங்கு வாங்குகிறவர் என்றால், இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டும். "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்று ஒருவர் அடிக்கடி சொல்கிறார் என்றால் அவருக்குப் பசி இல்லாமல் இல்லை. ட்ரீட் கொடுக்க நினைப்பவர் ஆர்டர் பண்ணுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பில் வந்த பிறகு சொல்வதில் பிரயோஜனம் குறைவு, அதற்குள் அவர் மெனுவில் வலப்பக்க விலையை மட்டும் பார்த்து ஒரு தோசையோடு நிறுத்தியிருப்பார்.

டூருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்கி ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், டீ, பார்க்கிங், போட்டிங் எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி எல்லாரும் போடுவது, மிஞ்சினால் திரும்பும் வழியில் சாப்பிட்டுவிடுவது. வண்டி நண்பனுடையது என்றால் பெட்ரோலையும் டோலையும் அவரைக் கழித்து மற்றவர்கள் பிரித்துக்கொள்ளுங்கள், ஐந்து பேர் போனால் நாலால் வகுங்கள். டயர் தேய்வதும் சர்வீஸும் அவருடையது, கொடைக்கானல் மலையில் தூங்காமல் ஓட்டுவதும் அவர்தான். டெம்போ டிராவலர் என்றால் வாடகையோடு டிரைவர் பேட்டாவும் உண்டு, அதைப் பலர் மறந்துவிட்டுக் கடைசி நாள் பாக்கெட்டைத் தடவுவார்கள். கடைசி நேரத்தில் வர முடியாதவர், திரும்பக் கிடைக்காத ரூம் காசிலும் வண்டி வாடகையிலும் தன் பங்கைக் கொடுத்துவிட வேண்டும், சாப்பாட்டில் வேண்டாம். இதையும் புக் பண்ணுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் யார் கழன்றுகொள்ளப் போகிறார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அட்வான்ஸும் காலி செய்வதும்

சென்னையில் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது சாதாரணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று சொல்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அதுவும் செல்லும் என்பதால் ஐந்து, ஆறு மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எவ்வளவாக இருந்தாலும் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை முதல் நாளே குரூப்பில் எழுதிப் பின் பண்ணி வையுங்கள். புரோக்கர் கமிஷன் திரும்ப வராத காசு, அதைச் சமமாகப் பிரித்து மறந்துவிடுங்கள்.

பாதியில் ஒருவர் போகிறார், புதியவர் வருகிறார். ஓனரிடம் போய் ஒருவர் பங்கை மட்டும் கேட்டால் தரமாட்டார். புதியவர்தான் போகிறவருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் முழுசாக அல்ல. காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஓனர் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம், அது கடைசியில் இருக்கிறவர்கள் தலையில் விழும், போனவர் தப்பித்துவிடுவார். அட்வான்ஸ் 1,20,000, ஆளுக்கு 30,000, பெயிண்டிங்குக்கு 24,000 போகும், ஆளுக்கு 6,000. இருந்த காலத்தைப் பார்த்து வெட்டுவதுதான் சரி. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகிறவர் 3,000 விட்டுவிட்டு 27,000 வாங்கிக்கொள்ள வேண்டும். புதியவர் 27,000 கொடுத்துவிட்டு, வீடு காலியாகும்போது தன் 6,000 போக 24,000 வாங்கிக்கொள்வார், அவரும் சுமந்தது 3,000தான். ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு போகிறவருடையது, ஆள் கிடைக்கும்வரை அதிகபட்சம் ஒரு மாத வாடகை அவர் கொடுக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களும் வருகிற ஆளை எல்லாம் பிடிக்கவில்லை என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருக்கக் கூடாது.

போகிற அன்றைக்கு ஈபி மீட்டரைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுங்கள். பில் வர இன்னும் ஒரு மாதம்கூட இருக்கலாம், அதற்குள் அவர் வேறு ஊரில் இருப்பார், அதனால் அட்வான்ஸிலிருந்து ஆயிரம் ரூபாய் பிடித்து வைத்துக்கொண்டு, பில் வந்ததும் அவர் இருந்த யூனிட் வரைக்கும் கணக்குப் பார்த்து மிச்சத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். சாவியை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள், பைக் பார்க்கிங் கேட்டின் டூப்ளிகேட் சாவியையும் சேர்த்து.